கிராஃபிக்ஸ் கார்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி டிரைவரப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோவில்பட்டியில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். 2003-ல பிரவுசிங் சென்டரா ஆரம்பிச்சது, இப்ப பிரவுசிங்குக்கு யாரும் வர்றதில்ல, சர்வீஸ் மட்டும்தான் ஓடுது. போன ஞாயித்துக்கிழமை உங்க வாசகர் கேள்வி பகுதியில ஒருத்தர், பையன் கம்ப்யூட்டர்ல கேம் திறந்தா கருப்புத் திரை வந்து தானா மூடிக்குது, என்ன செய்யலாம்னு கேட்டிருந்தாரு. அதுக்கு பதில் ரெண்டே வரி. கிராஃபிக்ஸ் கார்டு பழசாகியிருக்கும் மாத்திடுங்க, இல்லேன்னா விண்டோஸ ஃபார்மேட் பண்ணிப் பாருங்கன்னு வந்திருந்துச்சு. அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுத உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

அந்த ரெண்டு வரிய நம்பி ஒரு குடும்பம் எவ்வளவு செலவு பண்ணும்னு எனக்குத் தெரியும். போன மே மாசம் ஆட்டோ ஓட்டுற ஒருத்தர் சிபியூவ ஆட்டோ பின்சீட்டுல வச்சு கொண்டுவந்தாரு. பையன் பத்தாவது எழுதி முடிச்சிருக்கான், சீட்டு எடுத்த காசுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு அசெம்பிள் செட்டு வாங்கிக் குடுத்திருக்காரு. ஒரு நாள் திடீர்னு எந்த கேமும் ஓடல, திரையில எழுத்தெல்லாம் பெருசு பெருசா தெரியுது. வேற ஊர் கடையில காட்டியிருக்காங்க, கார்டு அவுட்டு, புதுசுக்கு 14,500 ஆகும்னு சொல்லிட்டாங்க. கடன் வாங்குறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துல கேட்டுப் பாக்கலாம்னுதான் எங்கிட்ட வந்திருக்காரு. நான் விண்டோஸ்ல கம்ப்யூட்டர் பாகங்களோட பட்டியல காட்டுற டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ங்கிற வரிய விரிச்சேன். அங்க கார்டோட பேரே இல்ல, "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்துச்சு. அவ்வளவுதாங்க விஷயம். டிரைவர் கழண்டுட்டா விண்டோஸ் திரையையாவது காட்டணுமேன்னு தன்கிட்ட இருக்குற சாதா டிரைவரப் போட்டு ஓட்டும், அதுல ஒரு வேர்டு ஃபைல் திறக்கலாம், கேம் ஓடாது. பையன் இலவச டிரைவர் அப்டேட்டர்னு ஏதோ ஒரு சாஃப்ட்வேர இறக்கி ஓட்டியிருக்கான், அது இருந்ததையும் கெடுத்துட்டுப் போயிருக்கு. விண்டோஸ் அத்தியாவசியமானத மட்டும் ஏத்துற சேஃப் மோடுல போய் பழச சுத்தமா எடுத்துட்டு, கார்டு கம்பெனி சைட்டுல இருந்து சரியான டிரைவரப் போட்டேன், 40 நிமிஷம் ஆச்சு. "அண்ணாச்சி, அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கா"ன்னு அந்த மனுஷன் மூணு தடவ கேட்டாரு.

டிரைவர்னா என்னன்னு தெரியாததுதான் பாதி பயத்துக்குக் காரணம். கேம் கார்டுகிட்ட நேரா பேசாது. டைரக்ட்எக்ஸ், வல்கன்னு எல்லா கார்டுக்கும் பொதுவான மொழி மாதிரி சாஃப்ட்வேர் இருக்கு, கேம் அதுகிட்ட சொல்லும், அது டிரைவர்கிட்ட சொல்லும், டிரைவர்தான் அந்த கார்டுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கும். நடுவுல இருக்குற ஆளு தப்பா சொன்னா ரெண்டு பக்கமும் நல்லா இருந்தும் வேலை நடக்காது. விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலையக் குடுத்துட்டு 2 செகண்டு வரைக்கும் காத்திருக்கும், அதுக்குள்ள பதில் வரலேன்னா டிரைவர அதுவே நிறுத்தி மறுபடி கிளப்பி விடும். நீங்க கேம்ல இருக்கும்போது திரை ஒரு தடவ கருத்துட்டு திரும்பி வருது பாருங்க, கூடவே டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லல, இப்ப மீண்டுடுச்சுங்கிற அர்த்தத்துல ஒரு அறிவிப்பு வருமே, அது இதுதான். விண்டோஸ் நடந்தத குறிச்சு வைக்கிற ஈவண்ட் வியூவர்ல போய்ப் பாத்தா 4101-ங்கிற நம்பர்ல பதிஞ்சிருக்கும். அதப் பாத்ததும் கார்டு செத்துப்போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது. டிரைவர் கோளாறா இருக்கலாம், சூடா இருக்கலாம், பவர் சப்ளை பத்தாம இருக்கலாம், வேகத்த ஏத்தி வச்சிருக்கலாம்.

நெஜமாவே கார்டு போயிருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்கு, காசு செலவில்ல. மெஷின ஆன் பண்ணி விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி பயாஸ்ங்கிற மதர்போர்டோட சொந்த செட்டிங்ஸ் திரைக்குப் போங்க. அங்கயே கோடு கோடா, கட்டம் கட்டமா, கலர் புள்ளியா தெரிஞ்சா அது டிரைவர் இல்ல, ஏன்னா அந்த நேரத்துல விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறவே இல்ல. அப்ப கேபிளையும் மானிட்டரையும் ஒரு தடவ மாத்திப் பாத்துட்டு கார்ட சந்தேகப்படலாம். பயாஸ் பளிச்சுனு தெரிஞ்சு விண்டோஸ் உள்ள போனதும் கோளாறு வருதுன்னா முதல்ல டிரைவர் பக்கம் பாருங்க. மொதல்ல இத பாக்காம 14,500 ரூவா சொல்றவங்க மேலதான் எனக்கு கோவம்.

டிரைவர் போடுறதுலயும் நம்ம ஆளுங்க தப்பு பண்றாங்க. டெஸ்க்டாப்புன்னா கார்டு சிப் செஞ்ச கம்பெனி சைட்டுல இருந்து எடுங்க, என்விடியாவோ ஏஎம்டியோ இன்டெலோ எதுவோ அது. லேப்டாப்புன்னா முதல்ல லேப்டாப் கம்பெனி சைட்டுல உங்க மாடல் நம்பரப் போட்டுத் தேடுங்க, ஏன்னா சில லேப்டாப்புக்கு அவங்க தனியா மாத்தி செஞ்ச டிரைவர் இருக்கும். புது டிரைவர் போட்ட அன்னைக்கே கேம் திக்குதுன்னா உடனே திட்டாதீங்க, டிரைவர் மாறுனா ஷேடர் கேஷ்னு படம் வரைய முன்கூட்டியே தயார் பண்ணி சேத்து வச்சிருந்தது செல்லாம போயிடும், கேம் மறுபடி எல்லாத்தையும் தயார் பண்ணும், கொஞ்ச நேரம் விளையாடுனா சரியாகும். அப்படியும் சரியாகலேன்னா டிவைஸ் மேனேஜர்ல கார்டு மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல டிரைவர்ங்கிற டேப்ல ரோல் பேக்னு பட்டன் இருக்கும், பழைய டிரைவருக்குத் திரும்பிடலாம். பட்டன் மங்கலா இருந்தா பழசு சேமிச்சு வைக்கலன்னு அர்த்தம், அப்பத்தான் டிடியூங்கிற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர சேஃப் மோடுல ஓட்டி சுத்தமா எடுத்துட்டு வேற வெர்ஷன் போடணும். அத ஓட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய டிரைவர டவுன்லோடு பண்ணி வச்சுட்டு நெட்ட கழட்டிடுங்க, இல்லேன்னா நீங்க எடுத்து முடிக்கிறதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் அதுக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவர உள்ள தள்ளிடும், மறுபடி அதே கதை.

இன்னும் ரெண்டு விஷயம், சின்னதுதான், ஆனா வாரம் ஒருத்தராவது இதோட வர்றாங்க. டெஸ்க்டாப்புல தனி கார்டு வாங்கிப் போட்டுட்டு மானிட்டர் வயர மதர்போர்டுல இருக்குற ஓட்டையிலயே சொருகி வச்சிருப்பாங்க, காசு குடுத்து வாங்குன கார்டு சும்மா உக்காந்திருக்கும். லேப்டாப்புல இன்டெல் கிராஃபிக்ஸ் ஒண்ணு, என்விடியாவோ ஏஎம்டியோ இன்னொண்ணுன்னு ரெண்டு இருக்கும், கேம் சின்னத புடிச்சுக்கிட்டு நொண்டும். செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ்னு போய் அந்த கேம சேத்து ஹை பெர்ஃபார்மன்ஸ்னு குடுத்தா பெரிய கார்டுல ஓடும். சார்ஜர மாட்டிட்டு விளையாடுங்க, பேட்டரியில லேப்டாப் தானாவே வேகத்த குறைச்சுக்கும்.

இப்ப பழைய கேமுக்கு வர்றேன், எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான். 2004, 2005-ல எங்க சென்டர்ல ஆறு சிஸ்டம் இருந்துச்சு, விண்டோஸ் எக்ஸ்பி ஓடும். வைஸ் சிட்டி, ஐஜிஐ, ரோடு ரேஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், கொஞ்ச நாள் கழிச்சு கிரிக்கெட் 07, ஸ்கூல் விட்டதும் பசங்க யூனிஃபார்மோட வந்து நிப்பாங்க. அந்தப் பசங்க இப்ப முப்பது வயசு தாண்டிட்டாங்க, சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பாக்குறாங்க, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பழைய சிடிய எடுத்துட்டு வந்து "அண்ணே, இத என் புள்ளைக்கு காட்டணும், ஓட மாட்டேங்குது"ன்னு நிக்கிறாங்க. அவங்கள பழைய கேம்லாம் இனிமே ஓடாதுன்னு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது, அது உண்மையும் இல்ல.

கம்பாட்டிபிலிட்டி மோடுன்னா ஏதோ ஒரு மந்திரப் பட்டன்னு நினைக்கிறாங்க. கேம திறக்குற இஎக்ஸ்இ (.exe) ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி டேப், அதுல விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-னு குடுத்தா என்ன நடக்குது? உள்ள எக்ஸ்பி வந்து உக்காரல. விண்டோஸ் அந்த கேம்கிட்ட "நான் எக்ஸ்பிதான்"னு பொய் சொல்லுது, அதோட கேம் கேக்குற சில விஷயங்கள நடுவுல புடிச்சு பழைய விண்டோஸ் எப்படி பதில் சொல்லியிருக்குமோ அப்படி சொல்லுது. பல பழைய கேம் ஆரம்பத்துலயே விண்டோஸ் வெர்ஷன் நம்பரக் கேட்டு, தெரியாத நம்பர் வந்தா நின்னுடும், அந்த மாதிரி கேமுக்கு இந்தப் பொய் ஒண்ணே போதும். இந்த வேலை இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. சிம்சிட்டி கேம் விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடும்போது, திருப்பிக் குடுத்துட்ட மெமரிய மறுபடி எடுத்துப் படிக்கிற ஒரு தப்பு அதுல இருந்துச்சு, டாஸ்ல அது வெளிய தெரியல. விண்டோஸ் 95 செய்யும்போது அந்த கேம் விழுந்துச்சு, மைக்ரோசாஃப்ட்காரங்க கேம் கம்பெனிய கொற சொல்லிட்டு உக்காரல, சிம்சிட்டி ஓடுதான்னு பாத்து, ஓடுனா மெமரிய உடனே விடுவிக்காம வச்சிருக்குற மாதிரி விண்டோஸுக்குள்ளயே தனியா எழுதுனாங்க. கேம் வாங்குனவன் புது விண்டோஸுக்கு மாறுனதால நஷ்டப்படக்கூடாதுங்கிற அந்த எண்ணத்த நான் ரொம்ப மதிக்கிறேன்.

எல்லா டிக்கையும் ஒரே நேரத்துல போடாதீங்க. ஒண்ணு போட்டு பாருங்க, ஆகலேன்னா எடுத்துட்டு அடுத்தது. நான் முதல்ல ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மட்டும் போட்டுப் பாப்பேன், அடுத்து எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, அடுத்து ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ நிறுத்துற டிக்கு. லேப்டாப்புல எழுத்து 125 சதவீதம், 150 சதவீதம்னு பெருசாக்கி வச்சிருந்தா கேம் திரையில ஒரு மூலை மட்டும் தெரியும், இல்ல மவுஸ் ஒரு இடத்துல இருக்க கிளிக் இன்னொரு இடத்துல விழும். அதுக்கு அதே டேப்ல ஹை டிபிஐ செட்டிங்ஸ்னு இருக்குறத திறந்து, ஸ்கேலிங்க அப்ளிகேஷனே பாத்துக்கட்டும்னு குடுக்கணும். ரொம்ப பழசுன்னா 256 கலர், 640க்கு 480ன்னு குறைக்கிற டிக்கும் அங்கயே இருக்கு.

சேவ் ஃபைல் காணோம்னு அழுகிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எக்ஸ்பி காலத்து கேம்ல நிறைய கேம் சேவ் ஃபைல தான் இருக்குற ஃபோல்டர்லயே எழுதும். விஸ்டாவுல இருந்து ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல சாதா ப்ரோக்ராம் எழுத விண்டோஸ் விடாது, ஆனா எழுதிட்ட மாதிரி கேம நம்ப வச்சு அத விர்ச்சுவல்ஸ்டோர்னு ஒரு மறைவான ஃபோல்டர்ல கொண்டுபோய் வச்சிடும், யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல்னு போனா இருக்கும். இப்படி விளையாடிக்கிட்டு இருந்துட்டு ஒரு நாள் அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டுனா கேம் நெஜ ஃபோல்டரப் பாக்கும், அங்க ஒண்ணும் இருக்காது, போட்ட ரன்னெல்லாம் போச்சுன்னு பையன் அழுவான். எங்கயும் போகல, அங்கதான் இருக்கு. அதனால பழைய கேம ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல போடாம டி டிரைவ்ல கேம்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல இன்ஸ்டால் பண்ணுங்க, பாதி தொல்லை அங்கயே ஒழிஞ்சிடும்.

சான் ஆண்ட்ரியாஸ்ல மவுஸ் வேலை செய்யாம ஆள் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிப்பான், இது எங்கிட்ட அடிக்கடி வர்ற கம்ப்ளெயிண்ட். ஆளுங்க புது மவுஸே வாங்கியிருக்காங்க இதுக்காக. டாக்குமெண்ட்ஸ்ல ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்னு ஃபோல்டர் இருக்கும், அதுல செட்னு முடியிற ஒரே ஒரு செட்டிங்ஸ் ஃபைல அழிச்சிட்டு கேம திறங்க, புதுசா எழுதிக்கும், மவுஸ் வந்துடும். சேவ் ஃபைல் தனி, அதத் தொட வேண்டாம். ஃப்ரேம் லிமிட்டரையும் ஆன்லயே வையுங்க, வேகமான மெஷின்ல அத நிறுத்துனா அந்த கேமோட கணக்கெல்லாம் தப்பி ஆள் நீந்தவே முடியாம தண்ணிக்குள்ள திணறுவான்.

அதே கேம்ல இன்னொரு சம்பவம், இத கேட்டுட்டு நான் ரெண்டு நாள் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். விண்டோஸ் 11-ல 24எச்2-ன்னு ஒரு பெரிய அப்டேட் 2024 கடைசியில வந்துச்சு. அது போட்ட மெஷின்ல சான் ஆண்ட்ரியாஸ்ல ஸ்கிம்மர்னு தண்ணியில இறங்குற விமானம் காணாமயே போயிடுச்சு. எல்லாரும் விண்டோஸத்தான் திட்டுனாங்க, இல்ல டிரைவரத் திட்டுனாங்க. சைலன்ட்ங்கிற பேர்ல பழைய கேமுக்கு பேட்ச் எழுதுற ஒருத்தர் உக்காந்து தோண்டிப் பாத்து 2025-ல காரணத்த விளக்கி எழுதுனாரு. கேமோட வண்டிப் பட்டியல் ஃபைல்ல மத்த விமானத்துக்கெல்லாம் சக்கர அளவு எழுதியிருக்கு, ஸ்கிம்மருக்கு மட்டும் எழுத மறந்திருக்காங்க. கேம் அந்த அளவு இல்லேன்னு கவனிக்காம, மெமரியில அதுக்கு முந்தின வண்டிக்கு எழுதுன அளவு அழியாம கிடந்தத எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. சிலேட்டுல முந்தின பையன் போட்ட விடைய அடுத்தவன் அப்படியே காட்டுற மாதிரி. எக்ஸ்பியில இருந்து விண்டோஸ் 11-ல இதுக்கு முந்தின அப்டேட் வரைக்கும் எந்த வெர்ஷனும் நடுவுல அந்த சிலேட்ட தொடல, அதனால ஓடிக்கிட்டு இருந்துச்சு. 24எச்2-ல விண்டோஸோட ஒரு உள்வேலை மாறி அந்த இடத்துல வேற எதையோ எழுதிடுச்சு, சக்கர அளவு கண்டபடி ஆகி விமானம் உருவாக வேண்டிய இடத்துலயே உருவாக முடியாம போயிடுச்சு. தப்பு விண்டோஸ்லயும் இல்ல, கார்டுலயும் இல்ல, டிரைவர்லயும் இல்ல. கம்ப்யூட்டர்ல வெளிய வந்து 20 வருஷம் ஆன கேமுக்குள்ள முதல் நாள்ல இருந்தே இருந்த தப்பு அது. அந்த ஃபைல்ல விட்டுப்போன நம்பருங்கள சேத்தா விமானம் திரும்பி வந்துடுது. இதுக்கு போய் ஃபார்மேட் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும், அந்த அப்டேட்டையே மறுபடி போட்டு அதே இடத்துலதான் வந்து நின்னுருப்போம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 1999-ல வந்த கேம், அத விண்டோஸ் 7-ல ஓட்டுனா புல்லு செவப்பா, தண்ணி ஊதாவா தெரியும். எத்தனை பேர் மானிட்டர் கெட்டுப்போச்சுன்னு மாத்தியிருப்பாங்களோ. அந்த கேம் 256 கலர்லதான் ஓடும், எந்த நம்பருக்கு எந்த கலருங்கிற பட்டியல அதுவே வச்சிருக்கும். பின்னாடி ஓடுற விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அந்தப் பட்டியல்ல கை வச்சிடும். டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்ப்ளோரர நிறுத்திட்டு கேம ஓட்டுனா கலர் சரியா வரும், முடிஞ்சதும் திரும்ப எக்ஸ்ப்ளோரர கிளப்பிக்கலாம். எங்க சென்டர்ல இதையெல்லாம் தானா செய்ற ஒரு பேட்ச் (.bat) ஃபைலே எழுதி டெஸ்க்டாப்புல வச்சிருந்தேன். அந்த கேம் 2019-ல டெஃபினிட்டிவ் எடிஷனா புதுசா வந்துடுச்சு, முடிஞ்சவங்க அத வாங்கிக்கலாம்.

புது கார்டு வாங்குனா பழைய கேம் நல்லா ஓடும்னு நம்புறவங்களுக்கும் சொல்லணும், எப்பவும் அப்படி இல்ல. இன்டெல் 12-ஆவது தலைமுறை ப்ராசஸர்கூட வர்ற கிராஃபிக்ஸ்லயும் ஆர்க் கார்டுலயும் டைரக்ட்எக்ஸ் 9-க்கு நேரடி ஆதரவ எடுத்துட்டாங்க, டைரக்ட்எக்ஸ் 12 வழியாவோ வல்கன் வழியாவோ மாத்தித்தான் ஓட்டுறாங்க. 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில என்விடியா 32 பிட் ஃபிசிக்ஸ்எக்ஸ், அதாவது புகை, உடைசல் அசைவ கார்டு கணக்குப் போடுற வசதி, அதோட ஆதரவ முதல்ல நிறுத்திட்டாங்க, பேட்மேன் ஆர்க்கம் சிட்டி மாதிரி கேம்ல அந்த புகை, உடையிற கண்ணாடி எஃபெக்ட்ட ஆன் பண்ணா அந்த விலை குடுத்து வாங்குன கார்டும் திணறுச்சு, அப்புறம் 2025 டிசம்பர்ல வந்த டிரைவர்ல சில கேமுக்கு மட்டும் திரும்பக் குடுத்தாங்க. பழைய டைரக்ட்எக்ஸால சிக்கல் வர்ற நேரத்துல கைகுடுக்குறது டிஎக்ஸ்விகே, டிஜிவூடூன்னு ரெண்டு சாஃப்ட்வேர். முதலாவது டைரக்ட்எக்ஸ் 8-ல இருந்து 11 வரைக்கும் உள்ள கேம் பேச்ச வல்கனுக்கு மாத்திக் குடுக்கும், ரெண்டாவது அதுக்கும் முந்தின டைரக்ட்எக்ஸ், 3டிஎஃப்எக்ஸ் கார்டு காலத்து கிளைடு இதையெல்லாம் புது டைரக்ட்எக்ஸுக்கு மாத்திக் குடுக்கும். ரெண்டு மூணு டிஎல்எல் ஃபைல, அதாவது கேம் ஓடும்போது துணைக்கு எடுத்துக்குற ஃபைல, கேம் ஃபோல்டர்ல போட்டா போதும், பிடிக்கலேன்னா அழிச்சுடலாம், விண்டோஸத் தொடவே வேண்டாம். ஆன்லைன்ல பலபேரோட விளையாடுற கேம்ல மட்டும் இத போடாதீங்க, ஏமாத்தி விளையாடுறவங்கள புடிக்கிற ஆன்ட்டி சீட் சாஃப்ட்வேர் அத ஏமாத்து வேலைன்னு எடுத்துக்கும்.

எது ஓடாதுங்கிறதயும் நேர்மையா சொல்லிடுறேன். 16 பிட் இன்ஸ்டாலரோட வந்த விண்டோஸ் 95 காலத்து சிடி 64 பிட் விண்டோஸ்ல பெரும்பாலும் ஓடாது, எந்த டிக்கு போட்டாலும் அது மாறாது. டாஸ் கேமுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கு, அதுல டேஞ்சரஸ் டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் நல்லா ஓடுது. 2000-த்த ஒட்டி வந்த நிறைய சிடியில சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு இருந்துச்சு, அந்த பூட்டுக்குன்னு விண்டோஸுக்குள்ள ஒரு டிரைவர் உக்காந்திருக்கும், அதுல பாதுகாப்பு ஓட்டை இருந்ததால 2015-ல விண்டோஸ் 10-ல அத எடுத்தே விட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல பழைய விண்டோஸ்லயும் நிறுத்திட்டாங்க. காசு குடுத்து வாங்குன அசல் சிடி கையில இருந்தும் ஓடாது, இது எனக்கு ரொம்ப வருத்தம். ஆனா அதுக்காக அந்த டிரைவர எங்கயாவது புடிச்சு உள்ள ஏத்தாதீங்க, வீட்டுக் கதவ கழட்டி வச்சிட்டு தூங்குற மாதிரி அது. ஜிஓஜிங்கிற கேம் விக்கிற சைட்டு மாதிரி இடத்துல பழைய கேம பூட்டெல்லாம் எடுத்து, இப்ப உள்ள விண்டோஸுக்கு சரிபண்ணி விக்கிறாங்க, தள்ளுபடியில வந்தா ஒரு சாப்பாட்டு விலைதான்.

அடுத்தது டிஎல்எல். இத மட்டும் தயவுசெஞ்சு பெரிய எழுத்துல போடுங்க. கேம் திறந்தா டி3டிஎக்ஸ்9_43 டிஎல்எல் இல்லன்னு வரும், இல்ல எம்எஸ்விசிபி140 இல்லன்னு வரும். உடனே அந்த பேர கூகுள்ல போட்டு முதல்ல வர்ற சைட்டுல ஃபைல இறக்கி சிஸ்டம்32-ல போட்டுடுறாங்க. போன வருஷம் ஒரு காலேஜ் பொண்ணு இப்படித்தான் தம்பிக்காக இறக்கிப் போட்டுச்சு, அதோட வந்த வைரஸ் பிரவுசர்ல சேத்து வச்சிருந்த பாஸ்வேர்டெல்லாம் எடுத்துட்டுப் போயிடுச்சு, மெயிலு போச்சு, ப்ராஜெக்ட் வச்சிருந்த ஆன்லைன் டிரைவ் போச்சு, என் கடையில உக்காந்து அழுதுச்சு. என்னால லேப்டாப்ப சுத்தம் பண்ணத்தான் முடிஞ்சுது, மெயில மீட்டுக் குடுக்க முடியல. முதல் ஃபைலு மைக்ரோசாஃப்ட் சைட்டுல டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் தொகுப்புல இலவசமா கிடைக்குது, உங்க மெஷின்ல டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் அந்த பழைய ஃபைலுங்க அதுல வராது, தனியாத்தான் போடணும், போட்டா 12-க்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், அதுவும் மைக்ரோசாஃப்ட்லயே இலவசம். எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) ரெண்டையும் போடுங்க, உங்க விண்டோஸ் 64 பிட்டா இருந்தாலும் பழைய கேம் 32 பிட்டு. சைபர் எக்ஸ் சி-ன்னு ஆரம்பிச்சு 7பி-ல முடியிற ஒரு எர்ரர் நம்பர் வருமே, பெரும்பாலும் இந்த 32, 64 ஃபைலு ஒண்ணுக்கொண்ணு மாறிப்போனதாலதான். அதுக்கும் மேல இன்னும் பழசுன்னா கண்ட்ரோல் பேனல்ல விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல லெகசி காம்பொனன்ட்ஸ்னு இருக்குறதுக்குள்ள டைரக்ட்பிளேன்னு ஒரு டிக்கு, அத போட்டா எழுந்து ஓடுற கேமும் உண்டு.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சாதா அப்டேட் நின்னுடுச்சு. அதுல இருந்து எங்க கடைக்கு வர்ற கூட்டம் பாதி இதுக்குத்தான், பயந்துபோய் அவசரமா 11 போட்டுட்டு, கேம் ஓடலன்னு வர்றாங்க. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்க பதிவு பண்ற வழி வச்சிருக்காங்க, செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல போய்ப் பாருங்க. மாறுறதா இருந்தா சேவ் ஃபைல பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டு, உங்க கார்டுக்கு புது விண்டோஸ்ல டிரைவர் இருக்கான்னு பாத்துட்டு மாறுங்க. என்விடியா ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில பெரும்பாலான கார்டுக்கு 2021-லயே வழக்கமான கேம் டிரைவர் வர்றது நின்னுபோச்சு. அதுக்கு 470 வரிசை டிரைவர்தான் போடணும், அதவிட புதுச இழுத்துப் போட்டா கார்டையே கண்டுக்காது. வாலரன்ட் விளையாடுற பசங்களுக்கு இன்னொண்ணு, விண்டோஸ் 11-க்கு போனா அது செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0-வும் கேக்கும், ரெண்டும் பயாஸ்ல ஆன் பண்ற பாதுகாப்பு விஷயம். அதுவும் தெரியாம ஒரு கடையில மதர்போர்டே மாத்தணும்னு சொல்லியிருக்காங்க ஒரு பையன்கிட்ட.

உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். கேள்வி அனுப்புற வாசகர்கிட்ட மூணு விவரம் கேளுங்க. எர்ரர்ல வர்ற வாசகம் அப்படியே, எழுத்து மாறாம. கடைசியா ஒழுங்கா ஓடுன நாளுக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாத்துனாங்க, அப்டேட்டா, புது சாஃப்ட்வேரா, புது மானிட்டரா. அப்புறம் ஸ்டார்ட்ல டிஎக்ஸ்டயாக்னு அடிச்சு டிஸ்ப்ளே பக்கத்துல என்ன பேரு, என்ன டிரைவர் தேதின்னு. இந்த மூணும் இருந்தா பதில் சொல்றவருக்கு கார்ட மாத்துன்னு எழுத அவசியமே வராது. இன்னொண்ணு, இதெல்லாம் இங்கிலீஷ்ல கொட்டிக் கிடக்கு, எங்க ஊர் பையனுக்கு அது புரியாம வீடியோவுல யாரோ சொன்ன ஃபைல இறக்கி ஏமாந்து போறான். வாரத்துக்கு ஒரு சின்னப் பொட்டி போடுங்க, ஒரு கோளாறு, ஒரு வழி, திரையில இருக்குற பேரு எப்படி இருக்கோ அப்படியே தமிழ் எழுத்துல. டிவைஸ் மேனேஜரை சாதன மேலாளர்னு எழுதுனா அவன் அத திரையில எங்க தேடுவான். எழுத ஆளு இல்லேன்னா நான் எழுதித் தர்றேன், காசு வேண்டாம்.

போன ஞாயித்துக்கிழமை கேட்ட அந்த வாசகர் இதப் படிச்சா, கார்டு வாங்குறதுக்கு முன்னாடி டிவைஸ் மேனேஜர ஒரு தடவ திறந்து பாக்கச் சொல்லுங்க. முழுக் கடிதமும் போட இடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க, டிஎல்எல் பத்தி எழுதுன பத்திய மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கார வாசகர்,
கோவில்பட்டி.